சாரா பீவி கால் நீட்டினால்

குழந்தையின் மூக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, புருவ மத்தியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. "எள்ளுப்பூ மூக்கு வரட்டும்டி என் ராசாத்தி, எள்ளுப்பூ மூக்கு!" குழந்தை வீல் என்று கத்தும். சாரா பீவி கண்டுகொள்ள மாட்டாள். பலகையில் உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டி, தன் பாதத்தின் பக்கம் குழந்தையின் தலை வரும்படி கிடத்தியிருப்பாள். ஒரு கை வெந்நீர் மொள்ளும், ஒரு கை எண்ணெயும் பயத்தமாவும் தேய்க்கும், வாய் மட்டும் பாலக்கரை வம்பையெல்லாம் ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்கும்.

பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதுதான் அவள் தொழில். திருச்சியில் இந்து வீடு, வேதக்கார வீடு, ராவுத்தர் வீடு என்று அவள் கால் நீட்டாத வீடு குறைவு. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் கண்டக்டரின் மூக்கைத்தான் பார்ப்பாள். கூராக இருந்தால், "நீங்க எந்தத் தெரு தம்பி? உங்களை நான்தான் குளிப்பாட்டியிருப்பேன்" என்பாள். சப்பையாக இருந்தால், "ம்... இது என் கைக்கு வராத மூக்கு" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். அவளுடைய மூக்கோ சப்பையிலும் சப்பை. யாராவது அதைக் கேட்டுவிட்டால் கோபம் வராது. "என்ன பண்றது? நான் பொறந்தப்ப சாரா பீவி இல்லையே!"

பாலக்கரையில் டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் பேட்ரிசியா மட்டும் இந்த மூக்குப் பெருமையை ஒத்துக்கொண்டதே இல்லை. "அது அப்பன் ஆத்தா கொடுத்த மூக்கு. நீ இழுத்தா வரும், விட்டா பழைய இடத்துக்கே போயிரும்" என்பார். "அப்ப இத்தனை வருஷமா நான் என்னதான் பண்ணேன் டாக்டரம்மா?" "புள்ளைங்களை அழ வச்சே." இரண்டு பேரும் சிரிப்பார்கள். மறுநாள் காலை சாரா பீவி வழக்கம்போல இன்னொரு மூக்கை இழுப்பாள்.

அவளுடைய வலது முட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தச் சித்திரம் நிறையாது. வழுக்குகிற குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகத் தரையில் உட்கார்ந்தும் எழுந்தும், நாற்பத்தைந்து வயதுக்குள் அந்த முட்டி கதவுக்கீல் போலக் கிறீச்சிட ஆரம்பித்திருந்தது. அக்கம்பக்கத்தார், "காலுக்கு ஓய்வு குடுங்க பீவி" என்றார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம் நோன்பு மாசம் மாசியில் வந்தது. வேலைக்கே போகாமல், நொச்சி இலையை வதக்கிக் கட்டிக்கொண்டு, மாசம் முழுக்கப் பாயோடு பாயாகக் கிடந்தாள். பெருநாள் அன்றைக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டு எழுந்தால் முட்டி மடங்க மாட்டேன் என்றது.

"நெஞ்செலும்புக் கறி தின்னிருக்கியா சாரா?" என்றார் டாக்டர் பேட்ரிசியா, முட்டியை அமுக்கிப் பார்த்துக்கொண்டே. "எலும்பு முனையில வெள்ளையா, கடிச்சா நறுக்குன்னு இருக்குமே?"

"குருத்தெலும்பு! எனக்குன்னா உசிரு. ஏன் டாக்டரம்மா?"

"அதே சாமான்தான் உன் முட்டியிலயும். எலும்பும் எலும்பும் உரசாம வழுக்கிக்கிட்டுப் போறதுக்கு ஆண்டவன் வச்ச மெத்தை. அதுக்குள்ள ரத்தக் குழாய் கிடையாது."

"ரத்தமே போகாதா? அப்ப எதைத் தின்னு உசிரோட கிடக்கு?"

"மூட்டுக்குள்ள வழுவழுன்னு கொஞ்சம் தண்ணி ஊறியிருக்கு. நீ காலை ஊனினா குருத்து அமுங்கிப் பழைய தண்ணியை வெளிய விடும். தூக்கினா நல்ல தண்ணியை உறிஞ்சிக்கும். நடந்தாத்தான் அதுக்குச் சோறு. நீ என்னடான்னா மாசம் முழுக்கப் படுத்துட்டே. நீயாவது பொழுது சாய்ஞ்சா நோன்புக் கஞ்சி குடிச்சே. பாவம், உன் முட்டிக்கு அதுவும் இல்ல."

சாரா பீவிக்குத் திக்கென்றது. தேய்ந்தது திரும்ப வளருமா என்று கேட்டாள். "தேஞ்சது தேஞ்சதுதான். இருக்கிறதைப் பட்டினி போடாதே" என்றார் டாக்டர். அன்றிலிருந்து வெயில் தாழ்ந்ததும் பாலக்கரையிலிருந்து காந்தி மார்க்கெட் வரைக்கும் ஒரு நடை. வழியில் யார் கேட்டாலும் ஒரே பதில்: "முட்டிக்குச் சோறு போட்டுட்டு வரேன்!"

அந்த வைகாசியில்தான் ஸ்ரீரங்கத்தில் ரத்தினவேல் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. ரத்தினவேல் முசிறிப் பக்கத்து விவசாயக் குடும்பம்; ஊர்த் தோட்டத்து வாழைத்தார்களை வாங்கி விற்க இங்கே மண்டி வைத்திருந்தான். இரண்டு பையன்களுக்குப் பிறகு தவமிருந்து வந்த பெண். ஆனால் இடது காதின் மேல்பாதி, யாரோ மடித்து வைத்ததுபோல, முன்பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தது. ரத்தினவேலின் தாயார் மயிலம்மாள் குழந்தையின் தலையோடு ஒரு துணியைச் சுற்றிவிட்டாள். பார்க்க வருகிறவர்களிடம் முகத்தை மட்டும் காட்டுவாள். "பொட்டப்புள்ளைக்கு இப்படி ஒரு காதா? நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" என்று உள்ளறைக்குக் கேட்கிற மாதிரி புலம்புவாள். குழந்தையின் தாய் பவுனம்மாளுக்கு அழுது அழுது பால் வற்றிவிடும் போலிருந்தது.

முதல் நாள் குளிப்பாட்ட வந்த சாரா பீவி அந்தத் துணியை அவிழ்த்து எறிந்தாள். காதை விரலால் நிமிர்த்தினாள். நின்றது. விரலை எடுத்ததும் பிசைந்த மாவு போலத் தொய்ந்து மறுபடி கவிழ்ந்தது. கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி மயிலம்மாளிடம் சொன்னாள்: "அக்கா, இந்தக் காதை நான் நிமிர்த்திக் காட்டுறேன். நிமிரலைன்னா இனிமே எந்த வீட்டுப் புள்ளைக்கும் சாரா பீவி கால் நீட்ட மாட்டா!"

வாய் சொல்லிவிட்டதே தவிர, காதை நிமிர்த்த வழி தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு தொழில்தான். நேரே டாக்டர் பேட்ரிசியாவிடம் ஓடினாள். டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "மூக்குக்கு நீ சொன்னது பொய். காதுக்கு நிஜமாகலாம். காதும் குருத்துதான், ஆனா இது வேற ரகம். வளைச்சா நிமிரும். பொறந்த புதுசுல மெத்துன்னு இருக்கும், சொன்ன பேச்சைக் கேட்கும். கொஞ்ச வாரம் போனா விறைச்சுக்கும், அப்புறம் கெஞ்சினாலும் கேட்காது. ஒருநாள் கூட விடாதே." மடிப்பில் வைக்கப் பஞ்சுத்திரி எப்படி உருட்டுவது, மேலே பிளாஸ்திரி எப்படி ஒட்டுவது என்று காட்டிக்கொடுத்தார்.

அதிலிருந்து அந்தக் குழந்தைக்கு இடது காதுப் பக்கம் எண்ணெய் கிடையாது. எண்ணெய் பட்டால் பிளாஸ்திரி ஒட்டாது. தினமும் குளிப்பாட்டி, காதை ஒற்றி எடுத்து, புதுத்திரி வைத்து ஒட்டிவிட்டுத்தான் சாரா பீவி காபி குடிப்பாள். காது கொஞ்சம் கொஞ்சமாகத் தலை தூக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒருநாள், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படிக்கட்டில் கால் பிசகி, வலது முட்டி பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

மறுநாள் ரிக்ஷாவில் வந்து இறங்கினாள். பலகையில் உட்காரப் பார்த்தாள். முட்டி மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"போய்ப் படுங்க பீவி. வேற ஆளைப் பார்த்துக்கறோம். இந்தப் புள்ள தலையெழுத்து அவ்வளவுதான்" என்றாள் மயிலம்மாள். வெடுக்கென்று சொல்லவில்லை, பாவமாகத்தான் சொன்னாள். அதுதான் சாரா பீவிக்குச் சுருக்கென்றது.

வேறு ஆள் வந்தால் காதிலும் எண்ணெயைத் தேய்த்துவிடுவாள், திரியைப் பிடுங்கி எறிவாள். பவுனம்மாளுக்குப் பிரசவ அசதி இன்னும் தீரவில்லை. மயிலம்மாள் தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். சாரா பீவி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மண்டிக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றான் ரத்தினவேல். வாழைத்தாரைத் தோளில் தூக்குகிற ஆள், மூன்று பிள்ளைகளில் ஒன்றைக்கூடப் பச்சைக் குழந்தையாக இருக்கும்போது தொட்டதில்லை.

"தம்பி, சட்டையைக் கழட்டுங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இந்தப் பலகையில உக்காருங்க."

"நானா? எதுக்குங்க பீவிம்மா?"

"கை என்னுது, கால் உங்களுது. நீட்டுங்க!"

மயிலம்மாள் வாயில் கை வைத்தாள். "ஆம்பளை கால் மேல புள்ளையைக் குளிப்பாட்டுறதா? தெருவே கைகொட்டிச் சிரிக்கும்டா!"

ரத்தினவேல் அம்மாவைப் பார்த்தான், அறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தான். "சிரிக்கட்டும்மா" என்று சட்டையைக் கழற்றினான்.

பலகையில் உட்கார்ந்து கால்களை நீட்டினான். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்த சாரா பீவி, "என்ன தம்பி, கால்ல இவ்வளவு முடி! எம் புள்ளைக்குக் கூசாது?" என்று அந்த வலியிலும் சீண்டினாள். குழந்தையை அவன் கால்மேல் கிடத்தியதும் அவன் மூச்சு விடவே மறந்தான். "மூச்சு விடுங்க, புள்ள ஓடிப் போயிராது." வெந்நீரை ஊற்றிக்கொண்டே குழந்தையின் முழங்காலைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினாள். "இந்தச் சில்லு இருக்கு பாருங்க, இதுல இன்னும் எலும்பே வரலை. முழுக்கக் குருத்து. டாக்டரம்மா சொன்னாங்க. ஓடி விளையாடுற வயசுலதான் எலும்பாகுமாம்." ரத்தினவேல் பயந்து பயந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். அதற்குப் பிறகு மண்டி தினமும் தாமதமாகத்தான் திறந்தது.

சாரா பீவி படுக்கவும் இல்லை, தரையில் உட்காரவும் இல்லை. டாக்டர் சொன்னபடி வீக்கம் வடிகிறவரை உட்கார்ந்த இடத்தில் காலை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தாள்; தொழுகையைக்கூட முக்காலியில் வைத்துக்கொண்டாள். பிறகு சுவரைப் பிடித்து நடந்தாள், பிறகு பிடிக்காமல் நடந்தாள்.

ஆனி பாதியில் ஒருநாள் காலை, பிளாஸ்திரியை உரித்தவள் புதுத்திரி எடுக்கவில்லை. வீடே சுற்றி நின்றது. ரத்தினவேல் கால் நீட்டித் தயாராக உட்கார்ந்திருந்தான். சாரா பீவி பிஸ்மில்லா சொல்லி, குழந்தையின் இடது காதை விரலால் முன்பக்கம் மடித்து அமுக்கினாள். விரலை எடுத்தாள்.

காது துள்ளி நிமிர்ந்தது.

பவுனம்மாள் தேம்பி அழுதாள். மயிலம்மாள் நம்பாமல் கிட்டே வந்து, தானே ஒருதரம் மடித்துவிட்டுப் பார்த்தாள். மறுபடியும் நிமிர்ந்தது. "அடி ஆத்தி!" என்று குழந்தையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க தம்பி" என்றாள் சாரா பீவி. ரத்தினவேலுக்கு எழுந்திருக்க மனமில்லை. தோளைத் தட்டி எழுப்பிவிட்டாள். யார் கையையும் பிடிக்காமல், சுவரில் முதுகைச் சாய்த்து மெல்ல மெல்லப் பலகையில் இறங்கினாள். புடவையைச் சுருட்டினாள். இடது கால் நேராக நீண்டது. வலது கால் பாதியில் நின்றது; பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் நீட்டி, தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"புள்ளையைக் கொண்டாங்க அக்கா. வெந்நி ஆறுது."