கரும்பலகையில் எழுதிய பெயர்

என் மணிக்கட்டை உடைத்தது நீங்கள்தான், பி.டி. சார். இன்று பள்ளி விழாவில் உங்கள் மேல் அடித்த தைல வாடை என்னை நான் இங்கே படித்த நாட்களின் மரத்தூள் பரப்பிய குஸ்திக் களத்துக்கே இழுத்துப் போனது.

மாநிலக் குஸ்திப் போட்டிக்கு முன், ஜெயிக்கப் போகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதினீர்கள். என் எடைக்கு எஸ்டேட் மேனேஜர் மகன் பெயர்.

"அவன நான் ரெண்டு தரம் சாய்ச்சிருக்கேன் சார்," என்றேன்.

"சிலோன்லருந்து கப்பல்ல வந்தவனுக்கு வாயப் பாரு! இப்பச் சாய்டா, பாப்போம்."

சாய்த்தேன். அவன் மூக்கில் ரத்தம் கொட்டியது. உடனே உங்கள் பூட்ஸ், தரையில் ஊன்றியிருந்த என் மணிக்கட்டில் ஏறித் திருகியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"இப்ப யாருடா ஜெயிப்பான்?"

அவன்தான் போட்டிக்குப் போனான், முதல் சுற்றிலேயே தோற்றான். நான் வழுக்கி விழுந்ததாக என் அப்பாவிடம் சொன்னீர்கள்.

மைக் உங்கள் கையில்தான் இருக்கிறது. நான் வழுக்கியா விழுந்தேன்? ஊர் கேட்கச் சொல்லுங்கள்.