தானாக மாறிய திரை

எங்கள் கடையில் கம்ப்யூட்டர் இரண்டு இருந்தன, மானிட்டர் ஒன்றுதான். இன்னொரு மானிட்டர் ஒரு மழைநாளில், போன மின்சாரம் திரும்பி வந்த வேகத்தில் புகைந்து போயிற்று. மதுரையில் ஒரு கடைக்காரர் சொன்ன யோசனையைக் கேட்டுக் கையகலப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். இரண்டு கம்ப்யூட்டர்களின் வயர்களும் பெட்டியின் பின்பக்கம் போய்ச் சேரும். அதிலிருந்து ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். முகப்பில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் 'பீப்' என்று சத்தம் கேட்கும், திரை ஒரு கணம் கறுக்கும், பிறகு அடுத்த கம்ப்யூட்டரில் இருப்பது தெரியும். நாங்கள் அதை ஸ்விட்ச் பெட்டி என்று சொன்னோம். அதை வாங்கி வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் பொத்தானை அழுத்திக் காட்டுவேன்.

அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, திண்டுக்கல்லில் மாதா கோயிலுக்குப் போகிற தெருவில் இந்த டி.டி.பி. கடையை வைத்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள் அவை. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பள்ளிக் கேள்வித்தாள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்துத் திருத்தி அச்சகத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. முன்னறையில் உட்கார்ந்து பிழை திருத்துவது நான். உள்ளறையில் தட்டச்சு செய்வது ஒரு பெண். சின்னாளப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். தமிழ், ஆங்கிலம் இரண்டு தட்டச்சுத் தேர்விலும் ஹையர் பாஸ் செய்தவள். தட்டச்சுப் பள்ளியில் பழக்கியபடி அவள் கண் எப்போதும் பக்கத்தில் இருக்கும் கையெழுத்துத் தாளில்தான் இருக்கும். விரல்கள் தம் போக்கில் ஓடும். வரி முடிந்து பத்தி முடிந்த பிறகுதான் நிமிர்ந்து திரையைப் பார்ப்பாள்.

கேள்வித்தாள் விஷயத்தில் நான் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். ஊரில் கன்னியர் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியின் கேள்வித்தாள்கள் எங்களிடம் வந்துகொண்டிருந்தன. காலாண்டுத் தேர்வின்போது கேள்விகள் வெளியே தெரிந்துவிட்டதாக மாணவிகளுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. உண்மையா என்று யாருக்கும் தெரியாது. தலைமையாசிரியையான சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "உங்க மேல ஒண்ணும் இல்ல சார். இருந்தாலும் பாத்துக்கங்க" என்றார். அந்த 'இருந்தாலும்' எனக்கு உறுத்தியது. பழைய கம்ப்யூட்டரின் பிளாப்பி டிரைவைக் கழற்றி எடுத்தேன். கேள்வித்தாளை அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் அடிக்க வேண்டும் என்றேன். அப்போது அதிலிருந்து எதையும் பிளாப்பியில் எடுத்துப் போக முடியாது. பத்திரிகைகளும் மற்றவையும் புதியதில். அதில் பிளாப்பி வேலை செய்யும்.

இந்த ஏற்பாடு நடந்து கொஞ்ச நாளில்தான் மானிட்டர் புகைந்தது. இரண்டுக்கும் நடுவில் பெட்டி வந்து உட்கார்ந்தது.

அரையாண்டுக் கேள்வித்தாள்கள் வந்த சமயம். அந்தப் பெண் ஒருநாள் காலையில், பையைக்கூட இறக்கி வைக்காமல் என் மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

"சார், ஸ்கூல்ல ஆபீசுக்கு டைப்பிஸ்ட் எடுக்குறாங்களாம். எழுதிப் போட்டிருக்கேன். சிஸ்டர் உங்களக் கேப்பாங்க. ஒரு வார்த்த நல்லதா சொல்லுங்க சார்."

"சொல்லாம? அப்ப என் கடைய யாரு பாக்குறது?"

"ஆள் பழக்கி விட்டுட்டுத்தான் சார் போவேன்" என்று சிரித்தாள். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அப்பா இல்லாத வீடு. என் கடை என்றைக்கு மூடும் என்று சொல்ல முடியாத கடை. நான் சொல்லுகிற ஒரு வார்த்தையில்தான் அது இருந்தது. சொல்லுகிறேன் என்று மனதார ஒத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் 'பீப்' என் காதில் விழ ஆரம்பித்தது. முன்னறையில் நான் பிழை திருத்திக்கொண்டிருப்பேன். உள்ளே மழைபோல விரல் ஓசை. திடீரென ஒரு 'பீப்'. விரல்கள் சற்று நேரம் ஓடும், நிற்கும். மறுபடி ஒரு 'பீப்'. கேள்வித்தாள் அடிக்கிறவளுக்குப் புதிய கம்ப்யூட்டரில் என்ன வேலை? ஒருமுறை செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் வாசலில் போய் நின்றேன். திரையில் கேள்வித்தாள் இருந்தது. அவள் முதுகு கைகளை மறைத்திருந்தது. பீப். கறுப்பு. கேள்வித்தாள் போய்க் கல்யாணப் பத்திரிகை வந்தது. நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள். கை அவசரமாகப் பெட்டியின் பொத்தானுக்குப் போயிற்று.

"என்னம்மா மாத்துற?"

"நான் மாத்தல சார். அதுவா மாறுது."

"அதுவா மாறுறதுக்கு அதுக்கென்ன பேயா பிடிச்சிருக்கு? மிஷின் தானா மாறாதும்மா. கை பட்டாத்தான் மாறும்."

"பொத்தானத் தொடவே இல்ல சார். மாதா மேல சத்தியமா."

அவள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் இல்லை. எனக்காக அந்தப் பெயரைச் சொன்னாள். அதுவே எனக்கு நடிப்பாகப் பட்டது. சந்தேகம் வந்த பிறகு எல்லாமே அதற்குச் சாட்சிதான். அவள் மதியம் சாப்பாட்டுக்கு வெளியே போகாமல் உள்ளேயே சாப்பிட்டதும், கைப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டதும், நான் வந்தால் பேச்சைக் குறைத்ததும். நான் முறைத்துக்கொண்டே இருந்தால் யார்தான் பேசுவார்கள் என்று அப்போது தோன்றவில்லை. இது பெட்டி வந்த பிறகுதான் தொடங்கியது என்பதைக்கூட நான் கவனித்தேன். பெட்டி அவளுக்கு வசதி செய்து கொடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தப் பிள்ளைய ஏன் இப்படி உத்து உத்துப் பாக்குறீங்க?" என்று கேட்டாள் என் மனைவி. மதியச் சாப்பாடு கொண்டு வருகிறபோது அவளும் கடையில் செத்த நேரம் உட்கார்ந்திருப்பாள்.

"உனக்குத் தெரியாது."

"ஆமா, எனக்கு என்ன தெரியும். வாத்தியாரு வேலைய விட்டாலும் பரீட்சை ஹால் சூப்பர்வைசர் உங்கள விட்டுப் போகல."

ஒருநாள் சாயங்காலம் அந்தப் பெண் பஸ்ஸுக்குப் போன பிறகு புதிய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். தை மாதக் கல்யாணம் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் அடித்துவைத்திருந்த பத்திரிகை அது. மணமகன் பெயர், மணமகள் பெயர், அதற்குக் கீழே, உங்கள் வருகையை வேண்டுகிறோம் என்பதற்கு மேலே, தவளையின் செரிமான மண்டலத்தைப் படம் வரைந்து விளக்கு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அடுத்த கேள்வியும் பாதிவரை இருந்தது.

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வரவேண்டும். கேள்வியைத் திருடுகிறவள் கல்யாணப் பத்திரிகை நடுவிலா வைப்பாள்? ஆனால் அன்று எனக்கு அது தோன்றவில்லை. மறைத்து வைக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்று நினைத்தேன். பிளாப்பி உள்ள கம்ப்யூட்டரில் கேள்வி இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுநாள் அவள் வந்ததும் திரையைக் காட்டினேன். அவள் குனிந்து அந்த வரியைப் படித்தாள்.

"இது எப்படி இங்க வந்துச்சுன்னு தெரியல சார். ரெண்டு மூணு தடவ இப்படி வந்தத அழிச்சிருக்கேன். இது கண்ணுல படல."

"அழிச்சிருக்கியா? எங்கிட்டச் சொல்லாமயா?"

"சொன்னேனே சார். அதுவா மாறுதுன்னு."

திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. போகிறபோது மட்டும், "சிஸ்டர்ட்ட எதுவும் சொல்லிறாதீங்க சார்" என்றாள். அதையும் குற்றவாளியின் கெஞ்சல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே சிஸ்டர் கேட்டார். கேள்வித்தாள் கொடுக்கப் போயிருந்தேன். "அந்தப் பொண்ணு எப்படி சார்? பொங்கல் லீவு முடிஞ்சு ஆள் எடுக்கணும். எங்களுக்கு இவதான் சரின்னு தோணுது."

நான் சொன்னது இதுதான்: "வேலை நல்லா செய்யும் சிஸ்டர். ஆனா கேள்வித்தாள் பக்கம் மட்டும் விட்டுறாதீங்க."

சிஸ்டர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு பள்ளிக்கு அதற்கு மேல் என்ன கேட்க இருக்கிறது? வெளியே வரும்போது கடமையைச் செய்த திருப்தி எனக்கு இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து பொங்கலுக்கு முன், மழை விடுமுறையால் நின்றுபோன ஒரு தேர்வை மட்டும் மறுபடி வைக்க வேண்டியிருந்தது. அடிக்க ஆள் இல்லை. "அம்புட்டு சந்தேகம்னா நீங்களே உக்காந்து அடிங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் இருந்து தாளைப் பார்த்து வாசித்தாள், நான் இரண்டு விரலால் தேடித் தேடிக் குத்தினேன். கேள்விகள் ஒவ்வொன்றும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற, கீபோர்டின் மேல் வரிசையில் ஸ்க்ரோல் லாக் என்ற விசையை ஒருமுறை தட்ட வேண்டும். எங்கள் தமிழ் மென்பொருளின் ஏற்பாடு அது. ஆங்கில வரி ஒன்றை முடித்துத் தமிழுக்குத் தட்டினேன்.

"இருங்க, இருங்க. அடுத்ததும் இங்கிலீசுதான்" என்றாள் மனைவி.

உடனே திரும்பத் தட்டினேன்.

பீப். திரை கறுத்தது. கல்யாணப் பத்திரிகை வந்து நின்றது.

என் இரண்டு கையும் கீபோர்டின் மேலேயே இருந்தன. பெட்டி ஒரு முழம் தள்ளி இருந்தது. மீண்டும் பழையதற்குப் போய், அந்த விசையை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினேன். பீப். மறுபடி தட்டினேன். பீப். பொத்தான் மட்டுமல்ல, அந்த விசையை இரட்டையாகத் தட்டினாலும் கம்ப்யூட்டர் மாறும்படி பெட்டியைச் செய்திருக்கிறார்கள். தமிழ் அடிக்காத ஊரில் அந்த விசையை யாரும் தொடுவதே இல்லை. இங்கே நாங்கள்தான் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நாள் முழுக்க அதைத் தட்டிக்கொண்டிருந்தோம். தாளை மட்டும் பார்த்து அடிக்கிறவள், மாறியது தெரியாமல் அடுத்த வரிகளைப் பத்திரிகைக்குள் அடித்துக்கொண்டே போயிருக்கிறாள்.

மனைவி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இப்ப யாரு வந்து பொத்தான அமுக்குனது?"

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"பள்ளிக்கூடத்துல இன்னும் ஆள் எடுக்கலல்ல? போய்ச் சொல்லிருங்க."

"பொங்கல் முடியட்டும்" என்றேன்.

பொங்கல் முடிந்தது. ஆள் எடுத்தார்கள். நான் போகவில்லை. போயிருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போது தினமும் ஒத்திகை பார்த்தேன். நான் வாங்கி வந்து பெருமையாகக் காட்டிய பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை, நீங்கள் நம்பிக் கொடுத்த கேள்விகளை என் கடையில் பத்திரிகைக்குள் கலந்துவிட்டோம், அதற்கு ஒரு பெண் மேல் பழி சொன்னேன். இதைச் சொன்னால் கேள்வித்தாள் வேலை போகும், சிஸ்டர் முன்னால் என் மதிப்பும் போகும். மதிப்பு என்று நான் நினைத்தது அதைத்தான்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில், செய்த பாவத்தைப் பங்குச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒருவரைப் பற்றிப் பொய்யாகச் சொல்லிவிட்டேன் என்று பொதுவாகச் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியார், "அவங்ககிட்டப் போய்ச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். "சொல்றேன் சாமி" என்றேன்.

ஒரு சனிக்கிழமை சின்னாளப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் முன் நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெட்டியைப் பற்றி, விசையைப் பற்றி, பத்திரிகையைப் பற்றி எல்லாம் சொன்னேன். என் தப்புதான் என்றேன். அவள் கை நிற்கவில்லை. புள்ளி மேல் புள்ளியாக முடிச்சு விழுந்துகொண்டே இருந்தது.

"எனக்கு எதுக்கு சார் இதச் சொல்றீங்க? நான் எடுக்கலன்னு எனக்கு முன்னாடியே தெரியும்ல."

நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

"சிஸ்டர்ட்டச் சொன்னீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

அவளிடம் பொய் சொல்ல வரவில்லை. "பொங்கலுக்கு முன்னாடி."

அப்போதுதான் அவள் கை நின்றது. "அப்ப ஆள் எடுக்கலயே சார்."

"விடு தாயி" என்றார் அவள் அம்மா. "சாருக்குக் காபி போடட்டா?"

"சாருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி குனிந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். அலுவலகத்தில் வேறொரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். சிஸ்டரிடம் பெட்டியின் கதையைச் சொன்னேன். அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். இவ்வளவும் சரியாகத்தான் சொன்னேன்.

சிஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பாவம் அந்தப் பொண்ணு. ஆள் எடுக்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா அவளைத்தான் எடுத்திருப்போம். எப்ப சார் கண்டுபிடிச்சீங்க?"

"நேத்துத்தான் சிஸ்டர்" என்றேன்.

"ஐயோ" என்றார். பிறகு, என்னைத் தேற்றுவதுபோல, "உங்களுக்கும் தெரியாமத்தானே சார் நடந்துச்சு" என்றார்.

கேள்வித்தாள் வேலை எனக்குப் போகவில்லை. கடையை மூடும்வரை அந்தப் பள்ளியிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. 'அதுவா மாறுது சார்' என்று அவள் சொன்ன உண்மையை, என் கையாலேயே மாறும்வரை நான் நம்பவில்லை. நான் சொன்ன 'நேத்து' என்பதைச் சிஸ்டர் உடனே நம்பினார்.