ஊஃபர் பெட்டியில் இரண்டு கோடுகள்

போன வாரம் பெய்த மழையில் அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, கணுக்கால் நனையும் அளவுதான். பாயைச் சுருட்டினேன். அரிசி டப்பாவைத் தூக்கி அலமாரியில் வைத்தேன். கடைசியாக மூலையில் கிடந்த ஊஃபர் பெட்டியை, மேளச் சத்தத்துக்கென்று நானே கட்டிய ஸ்பீக்கர் பெட்டியை, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக் கட்டிலில் சாய்த்தேன். சாய்த்ததும் அதன் முன்பக்க ஓட்டை வழியாக ஒரு கொத்து பனியன் வேஸ்ட், வெட்டிப்போட்ட துணிக் கழிவு, கீழே விழுந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். ஊசி எண்ணெய் வாசனை. இத்தனை வருடம் கழித்தும்.

நிட்டிங் மெஷினைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வட்டமான உருளையைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஊசிகள் ஏறி இறங்கித் துணியைப் பின்னும். அவை தேயாமல் இருக்க விடுகிற எண்ணெய்தான் அது. அந்த நாளில் என் சட்டை, தலையணை, ரசம் எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். ஒரு முறை ஊருக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண்மணி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். எனக்கு வருத்தமில்லை, ஜன்னலோரம் கிடைத்தது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால்தான் எனக்குச் சங்கடம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான்கைந்து வருடம் போயிருக்கும். பனியன் கம்பெனிகள் நிறைந்த அருள்புரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். இப்போதும் அதே அறைதான். வரிசையாக ஆறு அறைகள், முன்னால் வீட்டுக்காரர் வீடு. என் அறையின் பின்சுவரும் நான் வேலை பார்த்த நிட்டிங் ஷெட்டின் சுவரும் ஒன்றே. பதினெட்டு மெஷின் பகலும் இரவும் ஓடும், ஞாயிறும் ஓடும். சுவரில் கை வைத்தால் பூனையைத் தடவுவது போல இருக்கும். தூக்கம் வராதா என்று கேட்பீர்கள். அந்தச் சத்தத்தைச் சத்தம் என்றே நான் நினைத்ததில்லை.

அந்த அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவன் ஒரே ஒருவன், முருகேசன். கோவில்பட்டிப் பக்கம், என் பக்கத்து ஊர். ஷெட்டில் அடுத்த மெஷின் அவனுடையது. ஞாயிறு சாயங்காலம் வருவான். பேச்செல்லாம் அவன்தான். எனக்கு அவன் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். பேச்சு ஓய்ந்தால் என் டேப் செட்டில் பாட்டுக் கேட்போம். ஒரு நாள் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னான்:

"ஏலே, செட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா பாட்டெல்லாம் கொசு பாடுத மாதிரில்லா இருக்கு. மேளம் அடிச்சா அடிவயித்துல ஏறணும்லே."

அவன் சொல்லிவிட்டு அன்றே மறந்திருப்பான். எனக்கு மறக்கவில்லை. பல்லடம் சாலையோரம் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடை இருந்தது. வாசலில் மூன்று நாள் நின்றேன், நான்காம் நாள்தான் உள்ளே போனேன். கடைக்காரரே சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, முந்தாநேத்தே வந்து நின்னீங்களே, கூச்சமுங்களா? மேளம் தனியா கேக்கோணும்னா அதுக்குத் தனிப் பொட்டி கட்டோணுமுங்க. பொட்டிதான் முக்கியம். ஒரு எடத்துல காத்துக் கசிஞ்சாலும் போச்சுங்க."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவர் கொடுத்த தாளில் இருந்த இங்கிலீஷும் கணக்கும் எனக்கு எட்டவில்லை. படம் மட்டும் புரிந்தது. எட்டு அங்குல ஸ்பீக்கரும், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் வாங்கி வந்தேன். ஆம்ப்ளிஃபயரில் இரண்டு குமிழ்கள். ஒன்று மேளத்திலிருந்து எந்தச் சத்தம் வரைக்கும் உள்ளே விட வேண்டும் என்பதற்கு. மற்றது எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு. அந்த இரண்டாவது குமிழ்தான் இந்தக் கதை.

பலகைக்கு நான் அலையவில்லை. ஷெட்டுக்கு வெளிநாட்டிலிருந்து புது மெஷின் வந்த பெட்டியின் ஒட்டுப்பலகை பின்னால் மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. அறுத்து ஆணி அடித்து, மரப்பசையில் மரத்தூளைக் குழைத்து மூலைகளை அடைத்தேன். அந்தப் பலகையில் குடைப் படமும், உடையும் சாமான் என்பதற்கான மதுக் கோப்பைப் படமும் அச்சடித்திருந்தன. கோப்பை சரியாக முன்பக்கத்தில் வந்துவிட்டது. நான் பீடி கூடக் குடிக்காதவன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஒரு வாரம் அதன் மேல் காலண்டர் மாட்டி வைத்திருந்தேன். பார்க்க யார் வந்தார்கள்?

உள்ளே எதிரொலி அடங்க பனியன் வேஸ்ட்டை அடைத்தேன். மெஷின் துடைக்க மூட்டையாக வரும், அதற்குப் பஞ்சமில்லை. முன்பக்கம் ஓட்டை போட்டு, காற்று வந்து போக தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினேன். குழாயின் நீளம்தான் மேளத்தின் ஆழம் என்றார் கடைக்காரர். விரல் அகலம் விரல் அகலமாக அறுத்து அறுத்துக் கேட்டேன். ஒரு முறை அதிகமாக அறுத்துவிட்டு வேறு குழாய் வாங்கப் போனேன். "மறுக்காவுமுங்களா?" என்றார் கடைக்காரர்.

அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை, நூல் இருந்தது. மெஷினில் நூலின் இழுவை சரியா என்று விரலில் தொட்டே சொல்லிவிடுவேன். அதனால் ஓர் இழை நூலை ஆணியில் கட்டிக் குழாய் வாயின் முன்னால் தொங்கவிட்டேன். மேளம் விழும்போது காற்று வந்து நூலைத் தள்ளும். நூல் எவ்வளவு ஆடுகிறது என்று கண்ணால் பார்ப்பேன், பாட்டோடு சேர்கிறதா என்று காதால் கேட்பேன். தினமும் ஷிப்ட் முடிந்து, குளித்து, சுவரோரம் முருகேசன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து இதுதான் வேலை. மேளம் போதவில்லை என்றே தோன்றும். குமிழை ஒரு நூல் அளவு திருப்புவேன். மறுநாள் இன்னும் ஒரு நூல்.

இதற்குள் முருகேசனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, தனி வீடு பார்த்துப் போய்விட்டான். ஞாயிறுகளில் வருவது நின்றது. பெட்டி கட்டுவதை மட்டும் அவனிடம் சொல்லியிருந்தேன். ஷெட்டில் பார்க்கும்போது மெஷின் சத்தத்துக்கு மேல் கத்துவான்.

"ஏலே, பொட்டி முடிஞ்சிச்சா? எப்பல காட்டுவ?"

முடியவில்லை என்று கையை ஆட்டுவேன். உண்மையில் முடிந்துதான் இருந்தது. அரைகுறையாகக் காட்டி, மறுபடி கொசு என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். மூன்று மாதம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னான், மாமனாருடைய அரிசி மில்லைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுகிறார்கள், போகியன்று குடும்பத்தோடு கிளம்புகிறேன் என்று. "இனி வரமாட்டியா?" என்று கேட்க நினைத்தேன். "சாம்பார் நல்லாருக்கா?" என்று கேட்டேன்.

அன்றிரவே கடைசியாகக் குமிழை ஒரு நூல் திருப்பினேன். நூல் அழகாக ஆடியது, மேளம் பாட்டோடு உட்கார்ந்தது. துணி உருளையில் எடை எழுதும் சிவப்பு மார்க்கரால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். முருகேசனைப் போகிக் காலையில் வரச் சொன்னேன்.

பொங்கலுக்கு, போகி முதல் ஷெட் நான்கு நாள் நிற்கும். அந்த நாட்களில் நான் எப்போதும் ஊரில் இருப்பேன். அந்த வருடம்தான், அம்மா போய்விட்ட பிறகு, அங்கே போய் என்ன செய்வதென்று அறையிலேயே இருந்துவிட்டேன்.

முருகேசன் கையில் பையோடு வந்தான். மனைவி பஸ் ஸ்டாப்பில் சாமான்களோடு நிற்கிறாள், பத்து நிமிடம்தான் என்றான். தன் பழைய இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கோப்பைப் படத்தைப் பார்த்து, "ஊமைக்கோட்டான் சாராயக்கடை வச்சிட்டியாலே!" என்றான். நான் குமிழைக் கோட்டில் வைத்துப் பாட்டைப் போட்டேன்.

முதல் அடியிலேயே அலமாரியில் இருந்த எவர்சில்வர் மூடி கீழே விழுந்து உருண்டது. இரண்டாவது அடிக்குக் கூரையிலிருந்து பல்லி விழுந்தது. பக்கத்து அறைக் குழந்தை அலறியது. பாடுகிற குரலே கேட்கவில்லை, அறை முழுக்க ஒரே உறுமல். எனக்கு எந்தக் குமிழ் எது என்றே தெரியவில்லை. அதற்குள் வீட்டுக்கார அக்கா வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, ஊடு இடிஞ்சு உழுகட்டும்னு பண்றீங்களா? நாளும் கெழமையுமா இருக்குதுங்க!"

நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். முருகேசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடிவயித்துல ஏறணும்னுதான சொன்னேன், அடிவயித்தக் கலக்கச் சொன்னனா? சரிலே, கம்மி பண்ணி வையி. ஒரு பாட்டு கேட்டுட்டுப் போறேன்."

குமிழைக் கொஞ்சம் திருப்பினால் முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. காதெல்லாம் சூடு. வாசலில் அக்கா இன்னும் நின்றிருந்தார். பெட்டியைப் பார்த்தபடியே, "வயர் போயிருச்சு" என்றேன்.

முருகேசன் என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. வயர் போகவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். "சரி, அடுத்த தடவ வரும்போது கேக்கேன்" என்று பையை எடுத்தான். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போயிருக்கலாம். அதற்கும் வெட்கம்.

மத்தியானம் சாப்பிடாமல் படுத்திருந்தேன். டிக் டிக் என்று ஏதோ கேட்டது. பெட்டியில்தான் ஏதோ போய்விட்டது என்று எழுந்து காதை வைத்துப் பார்த்தேன். பெட்டியில் இல்லை. என் சுவர்க் கடிகாரம். மூன்று வருடமாக அதே ஆணியில் மாட்டியிருக்கிறது, அதற்குச் சத்தம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. சுவரில் கை வைத்தேன். அசையவில்லை.

அப்போதுதான் விளங்கியது. மூன்று மாதமும் ஷெட்டின் இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்து, அந்த இரைச்சல் விழுங்கியது போக மிச்சத்தைத்தான் அளந்திருக்கிறேன். கரண்ட் போனால்தான் மெஷின் நிற்கும். கரண்ட் போனால் என் செட்டும் நிற்கும். மெஷின் இல்லாமல் என் பாட்டை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பிளக்கைச் செருகினேன். குமிழைக் குறைத்துக்கொண்டே வந்தேன். நூல் ஆடியும் ஆடாமலும் நின்ற இடத்தில் பாட்டு கூடிவந்தது. குரல் குரலாக, மேளம் அதன் கீழே மெத்தை போல. முருகேசன் இருந்திருந்தால் சுவரோரம் உட்கார்ந்து கை தட்டிக் கேட்டிருப்பான். அந்த இடத்தில் இரண்டாவது கோடு போட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பஸ் தாராபுரத்தை எப்போதோ தாண்டியிருக்கும்.

நான்கு நாளும் அந்தக் கீழ்க்கோட்டில் கேட்டேன். மெஷின் ஓடத் தொடங்கியதும் பழைய கோட்டுக்கு, மேல்கோட்டுக்குத் திருப்பினேன். அது அந்த இரைச்சலில் சரியாகவே இருந்தது. முருகேசன் ஒரு தடவை போன் பண்ணினான். "வயர் சரியாயிருச்சாலே?" "ஆயிருச்சு." அவனுக்கு அருகில் மில் ஓடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு நம்பர் மாறிவிட்டது, யாருடையது முதலில் என்று நினைவில்லை.

இந்த வருடம் ஷெட்டை மூடிவிட்டார்கள். மெஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கார அக்கா மகன் வீட்டோடு கோயமுத்தூர் போய்விட்டார். ஆறு அறையில் நான்கு பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்றில் இருக்கும் வடநாட்டுப் பிள்ளைகள் விடிந்தால் கம்பெனிக்குப் போய் இருட்டித்தான் வருவார்கள்.

நேற்று பெட்டி காய்ந்துவிட்டது. வேஸ்ட்டைத் திரும்ப உள்ளே அடைத்து, மூலையில் வைத்துப் பாட்டுப் போட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, குமிழை மேல்கோட்டுக்குத் திருப்பினேன். மூடி விழுந்தது, உருண்டது. கதவைத் திறந்து வாசலில் போய் நின்றேன். பாட்டு முடியும் வரை நின்றேன். திட்டுவதற்கு யாரும் வரவில்லை.

உள்ளே வந்து மூடியை எடுத்து வைத்தேன். குமிழைக் கீழ்க்கோட்டுக்குத் திருப்பினேன்.