விஷ் என்றால் ஆசை இல்லை

சிங்கப்பூர் வந்த புதிதில் தீபாவளிச் சாப்பாட்டுக்கு என் அலுவலகத் தோழி மெய்லிங்கை ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். "ஐ விஷ் ஐ குட் கம்" என்றாள். வர ஆசைப்படுகிறாள் என்று மகிழ்ந்துபோய், காரம் குறைத்துச் சமைத்துவிட்டு மாலைவரை பசியோடு காத்திருந்தேன். மறுநாள் கேட்டால், வர முடியாது என்று அப்போதே சொன்னேனே என்கிறாள். ஊரில் பள்ளியில் 'வில்' வந்தால் 'வுட்' ஆக்கு, 'ஐ' வந்தால் 'ஹி' ஆக்கு என்று ஒருவர் பேச்சை இன்னொருவர் வாயில் மாற்றிப்போட மாய்ந்து மாய்ந்து பயிற்சி கொடுத்தார்கள். விஷ் என்று தொடங்கி, 'கேன்' என்பது 'குட்' ஆகி வந்தாலே காரியம் நடக்காது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. 'விஷ்' என்பதற்கு எதிரே 'விரும்பு' என்று எழுதி மனப்பாடம் செய்தோம்.

இதைச் சொல்லிச் சிரித்த காலம் போய்விட்டது. என் அக்காவின் கணவர் முருகேசன் மாமா இங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். போன மாதம் இரும்புத் தகடு ஒன்று சரிந்து அவருடைய வலது காலை நசுக்கிவிட்டது. மருத்துவமனையில் சேர்த்தும் புண் ஆறாமல் கறுத்துக்கொண்டே வந்தது. ஒரு சனிக்கிழமை காலை மாமா போனில் கூப்பிட்டார். குரலில் அத்தனை தெம்பு.

"டாக்டரம்மா வந்தாங்க சுதா. காலைக் காப்பாத்தணும்னு அவங்களுக்கே ஆசையாம். உங்க அக்காகிட்டயும் சொல்லிட்டேன்."

ஊரில் அக்கா உடனே மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். வெள்ளியில் கால் உரு வாங்கி அனுப்பச் சொன்னாளாம். லிட்டில் இந்தியாவில் இறங்கி, நகைக்கடையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளிக் கால் வாங்கிக்கொண்டுதான் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா சொன்னதை ஆங்கிலத்திலேயே சொல்லச் சொல்லிக் கேட்டேன். மாமா பெருமையோடு, வார்த்தை மாறாமல் சொன்னார்: "ஐ விஷ் வி குட் சேவ் யுவர் லெக்."

வெளியே போய் நர்ஸிடம் கேட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்து, பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் தமிழ்ப் பெண்.

"அது முடியாதுன்னு அர்த்தம் லா அக்கா. சாயங்காலம் டாக்டர் தமிழ் தெரிஞ்ச ஆளோட வந்து ஆபரேஷன் பத்திப் பேசுவாங்க. இவர் சிரிச்சுக்கிட்டே தேங்க்யூ சொன்னாரு. ரொம்ப தைரியமானவர்னு பேசிக்கிட்டோம்."

யாரோ ஒருவர் வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட நினைத்தேன். ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பூச்சுக்குத் தமிழில் எங்கே போவேன்? "காப்பாத்த முடிஞ்சிருந்தா நல்லாயிருக்கும்னு சொல்லியிருக்காங்க மாமா" என்றேன். முடிஞ்சிருந்தா என்ற இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"அக்காகிட்ட நீ தமிழ்ல சொல்லாத. டாக்டர் சொன்ன மாதிரியே இங்கிலீஷ்ல சொல்லு. இன்னிக்கு ஒரு ராத்திரியாவது அவ தூங்கட்டும்."

ஈசூனுக்குத் திரும்பும் ரயிலில் அக்கா கூப்பிட்டாள். உரு வாங்கியாயிற்றா என்றாள், வாங்கிவிட்டேன் என்றேன். டாக்டர் என்ன சொன்னார் என்றாள். அந்த ஆங்கில வாக்கியத்தை அப்படியே சொன்னேன். அதைத்தானே மாமாவும் சொன்னார் என்று சந்தோஷமாக வைத்துவிட்டாள்.

வெள்ளிக் கால் என் கைப்பையில் இருந்தது. அது ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மாமாவும் ஒருநாள் ஊர் திரும்பிவிடுவார். அவருடைய கால் மட்டும் இந்த ஊரிலேயே தங்கிவிடும்.