இல்லாத கோபுரத்தை வைக்க மாட்டேன்

1. ராயல் என்ட்ரன்ஸ்

எனக்கு வாய் அதிகம் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த எல்லாக் கம்பெனியிலும் சொல்லியிருக்கிறார்கள். டூல் ரூமில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் சூப்பர்வைசர் சொன்னார். அனிமேஷனுக்கு மாறினேன், அங்கே டீம் லீடர் சொன்னார். கடைசியில் ஏஆர் வேலைக்கு வந்தபோது முரளி சார் சொன்னார். இத்தனை பேர் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அந்த வாயை எங்கே திறக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏஆர் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு பழைய கட்டடத்துக்கு நேராக டேப்லெட்டைப் பிடித்தால், கேமராவில் தெரிகிற இடிபாட்டின் மேலேயே அது முன்பு இருந்த கோலம் வந்து உட்காரும். உடைந்த தூண் முழுத் தூணாகும், காலியிடத்தில் ஆட்கள் நடப்பார்கள். பார்க்கிறவர்கள் எதிரே நிற்கிற கல்லைவிட கையில் இருக்கிற திரையைத்தான் நம்புவார்கள். ஒரு முறை பார்த்துவிட்டால், 'இங்கே இப்படித்தான் இருந்தது' என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அந்த நம்பிக்கையோடு விளையாடுவது எனக்குப் பிடிக்காது.

பாரிவாக்கம் தாண்டி ஒரு பழைய கல் மண்டபம். நான்கு பக்கமும் திறந்தது, கதவு கிடையாது. பக்கத்தில் ஒரு கல்தொட்டி, தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கிக் கல். அந்தக் காலத்து வண்டிப்பாதையில் நடந்து போகிறவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கக் கட்டியது. பின்னால் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பிவிட்டது. அதைக் கட்டிய பில்டர், மண்டபத்தைத் தானே பராமரிக்கிறேன் என்று அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி, அதற்கு ஏஆர் செய்து தரும் வேலையை எங்கள் கம்பெனிக்குக் கொடுத்தார். கம்பெனி முதலாளி முரளி சார். டீமுக்குத் தலைவி நான்.

முதல் டெமோ காட்டியதும் பில்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், சூப்பரா வந்திருக்கு. ஆனா ஒண்ணு மிஸ்ஸிங். முன்னாடி ஒரு கோபுரம் வேணும். அஞ்சு நிலை."

"இங்க கோபுரம் இருந்ததில்ல சார்."

"இல்லைன்னு யாரு பாத்தா?"

"கோபுரம்னா அஸ்திவாரம் வேணும். சுத்தி எங்கயும் அதுக்கான கல்லே இல்ல. சாமி வச்ச இடமும் இல்ல. இது வழில போறவங்க உக்காருற மண்டபம்."

"வழில போறவன் உக்காருற மண்டபம்னு சொன்னா யாரு மேடம் ஃபிளாட் வாங்குவா?" என்று சிரித்தார். "கோபுரம் இருந்தா இது கோயில் வாசல். வாசல்னா கேட் போடலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. ராயல் என்ட்ரன்ஸ்னு புரோஷர்லயே போட்டாச்சு."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவர் கேட்டது அலங்காரம் அல்ல. மண்டபத்தை வளைத்துப் போட ஒரு சாட்சி கேட்டார், அந்தப் பொய்ச் சாட்சியை என் கையால் செய்து தரச் சொன்னார்.

அவர் போன பிறகு முரளி சார் என்னைத் தனியே அழைத்தார். "ஒரு மாடல்தானே மேடம். ரெண்டு நாள் வேலை."

"ரெண்டு நாளா? அரை நாள்ல வச்சிடலாம் சார். ஆனா வைக்க மாட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காதீங்க. நான் சம்பளம் கொடுக்கணும்ல?"

அவர் கெட்டவர் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே தனியாகக் கம்பெனி ஆரம்பித்து, மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வைக்கவில்லை. அவர் வெளியாள் ஒருவரைப் பிடித்து, எங்கேயோ ரெடிமேடாகக் கிடைத்த ஒரு கோபுரத்தை வாங்கி ஒட்டவைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பார்க்கிறவர்கள் நம்பிவிடுவார்கள்.

2. குந்துற இடம்

ஸ்கேன் வேலைக்காக மண்டபத்துக்கு அடிக்கடி போனபோது பழக்கமானவள் வசந்தா. பின்னால் இருக்கிற அதே குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் வேலை. சாயங்காலம் வேலை முடிந்ததும் அவளும் அவளோடு வேலை செய்யும் பெண்களும் மண்டபத்தில் உட்கார்ந்து ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பார்கள். ஆட்டோ சீக்கிரம் வந்துவிட்டால் அவர்களுக்கு வருத்தமாக இருக்கும். அந்த நேரம் மட்டும்தான் அவர்களை யாரும் வேலை ஏவ மாட்டார்கள்.

"இன்னாக்கா, டெய்லி வந்து கல்லையே போட்டோ புடிச்சிகினு கீற? இன்னா கீது அதுல?" என்று அவள்தான் முதலில் பேச்சுக் கொடுத்தாள்.

டேப்லெட்டைக் கையில் கொடுத்துக் காட்டினேன். திரையில் ஒரு பெண் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு, வழியில் வந்தவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருவன் தலைச்சுமையைச் சுமைதாங்கிக் கல்லில் இறக்கி வைத்துவிட்டு, மண்டபத்துக்குள் வந்து காலை நீட்டினான். வசந்தா திரையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டாள்.

"ஏ, இங்க வாங்கடி. இவள பாரு, எங்க அத்த மாதிரியே கீறா. மூக்குத்திய மட்டும் மாத்தி போட்டா அவளேதான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை நான் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் பார்த்த முகங்களை மனதில் வைத்துத்தான் செய்திருந்தேன். எங்கள் வீட்டிலும் ஒரு தலைமுறைக்கு முன்வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள்தான்.

கேட் போடப் போகிறார்கள் என்பதை நான் அவளிடம் மறைக்கவில்லை. கம்பெனி விஷயத்தை வெளியே சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். அவள் உட்கார்கிற இடத்தைப் பற்றி அவளிடம் சொல்ல நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

"கேட்டா?" என்றாள் வசந்தா. "அப்ப நாங்க எங்க குந்துறது?"

"பொதுவழின்னு சொல்லி மனு குடுங்க."

"மனு குடுத்தா யாரு படிக்கிறா? இந்த படத்த தொறந்து வெக்கறதுக்கு கவர்மெண்ட் ஆபீசர் வராரு இல்ல, அவரு கண்ணால பாக்கட்டும். இத நாங்கதான் பாத்துக்கினு கீறோம்னு அவருக்கு தெரியணும்."

என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

3. சுண்ணாம்பு

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை நானும் முரளி சாரும் கடைசி டெஸ்டுக்குப் போனோம். வளைவு திரும்பியதும் கண் கூசியது. மண்டபம் முழுக்க வெள்ளை.

எல்லாத் தூணுக்கும் உத்தரத்துக்கும் சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டையும் போட்டு, மாவிலைத் தோரணம் கட்டி, முன்னால் பெரிய கோலமும் போட்டிருந்தார்கள். வசந்தா இடுப்பில் கை வைத்து நின்றாள். முகமெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி.

"எப்புடிக்கா? பளிச்சுனு கீதுல்ல? நாங்களே அடிச்சோம். பெரியவங்க வரும்போது அழுக்கா வச்சிருந்தா கேக்க நாதியில்லாத எடம்னுதான நினைப்பாங்க?"

நம் ஊரில் யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் முதலில் சுண்ணாம்புதான். ஏஆர் பற்றி நான் படித்த பாடங்களில் இந்த அத்தியாயமே இல்லை. கல்லில் இருக்கிற கறை, விரிசல், பாசி, இவற்றைத்தான் கேமரா அடையாளம் வைத்துக்கொள்ளும். அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் மாடல் சரியான இடத்தில் வந்து நிற்கும். எங்கள் தொழிலுக்கு அழுக்குதான் சாமி. அதை இவர்கள் அன்போடு துடைத்துவிட்டார்கள்.

முரளி சார் டேப்லெட்டைத் தூணுக்கு நேராகப் பிடித்தார். ஒன்றும் வரவில்லை. பின்னால் போய்ப் பிடித்தார், பக்கவாட்டில் பிடித்தார். கோபுரமும் இல்லை, தண்ணீர் ஊற்றும் பெண்ணும் இல்லை. டிராக்கிங் சுத்தமாகப் போய்விட்டது.

"மேடம், போச்சு," என்று படியில் உட்கார்ந்துவிட்டார். "சுண்ணாம்பச் சுரண்டச் சொல்லலாமா?"

"கல்லு பாழாயிடும். அடிச்சவங்க மனசும் பாழாயிடும். மழைல தானா போகும், விடுங்க."

"நாளைக்கு ஆபீசர் முன்னாடி நான் எதக் காட்டுவேன்?"

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ரெடிமேட் கோபுரத்தைச் சரிக்க நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். நான்கு பெண்களும் ஒரு வாளிச் சுண்ணாம்பும் சரித்துவிட்டார்கள்.

4. கூரை

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். கூரையின் அடிப்பக்கம் அப்படியே இருந்தது. சுண்ணாம்பு கண்ணில் சொட்டும் என்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள். கல்லில் செதுக்கிய இரண்டு மீன், சுற்றிலும் வௌவால் கறை, குறுக்கே ஒரு நீள விரிசல். டிராக்கிங்குக்கு இதைவிட என்ன வேண்டும்?

"சார், கூரைய புதுசா ஸ்கேன் பண்ணி, எல்லாத்தையும் அதுல ஆங்கர் பண்ணி நிறுத்தலாம். பாக்கறவங்க உள்ள வந்து நின்னு முதல்ல மேல பாக்கணும். அப்புறம் டேப்லெட்ட இறக்கினா சுத்தி எல்லாம் தெரியும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

அவர் முகத்தில் உயிர் வந்தது. உடனே கேட்டார். "கோபுரம்?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. 'கூரைக்கு ஆங்கர் பண்ணினால் வெளியே இருக்கிற கோபுரம் நிற்காது, டெக்னிக்கல் பிரச்சினை' என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், பில்டரும் நம்பியிருப்பார், சண்டையே வந்திருக்காது. நம் துறையில் பாதிப் பேர் இப்படித்தான் தப்பிக்கிறோம்.

"கோபுரத்தையும் கொண்டுவரலாம் சார். கொஞ்சம் ஆடும், சரிபண்ணிடலாம். எனக்குத் தெரியும். செய்ய மாட்டேன்."

"மேடம், பிளீஸ்."

"ஸ்கேன் நான் பண்றேன். புது ஆப்பையும் நான் போடறேன். இங்க எது இருந்துச்சோ அது மட்டும்தான் அதுல இருக்கும். வேணாம்னா இப்பவே சொல்லுங்க, நான் பஸ் பிடிச்சு ஊட்டுக்குப் போறேன்."

அவர் நிறைய நேரம் கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பண்ணுங்க," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் கொடுத்த விலை எனக்குத் தெரியும். அதனால் அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

5. திறப்பு விழா

மறுநாள் ஆபீசர் வந்தார். பொன்னாடை, மாலை, பேச்சு எல்லாம் முடிந்து டேப்லெட்டை வாங்கி உள்ளே நின்றார். அண்ணாந்து மீனைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கையை இறக்கினார். அவரைச் சுற்றி மண்டபம் நிரம்பியது. வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்தான். நடந்து வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். தண்ணீர் ஊற்றும் பெண் அவர் பக்கம் திரும்பி, அவருக்கும் சேர்த்து ஊற்றினாள். ஆபீசர் தன்னையறியாமல் கையைக் குவித்து நீட்டினார். வெளியே நின்ற வசந்தா கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார்.

பில்டர் டேப்லெட்டை எட்டிப் பார்த்தார். "கோபுரம் எங்க?"

முரளி சார் வாயைத் திறந்தார். "அது ஒரு சின்ன டெக்னிக்கல்..."

"டெக்னிக்கல் பிரச்சினை எதுவும் இல்ல சார்," என்று நான் குறுக்கே போனேன். எனக்கே என் குரல் உரக்கக் கேட்டது. "கோபுரம் இங்க இருந்ததில்ல. அதனால வைக்கல."

ஆபீசர் என்னைப் பார்த்தார். "அப்ப இது யாரு கட்டடம்?"

நான் பதில் சொல்வதற்குள் வசந்தா முன்னால் வந்துவிட்டாள்.

"வழில போறவங்களுது சார். இப்ப நாங்க குந்திகினு கீறோம். சுண்ணாம்பு நாங்கதான் அடிச்சோம்."

ஆபீசர் தலையாட்டினார். உத்தரவு எதுவும் போடவில்லை, வாக்குறுதியும் கொடுக்கவில்லை. மோர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பில்டர் என்னிடம் பேசவே இல்லை. அடுத்த வேலைகளை அவர் எங்கள் கம்பெனிக்குக் கொடுக்கவில்லை. முரளி சாரும், 'நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க மேடம்' என்று நயமாகச் சொன்னார். ரெஸ்ட் என்றால் என்ன என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாதா? வேலையை விடுகிறேன் என்று நானே பேப்பர் போட்டேன். கொஞ்ச நாள் கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. இப்போது வீட்டிலிருந்தே வேலை எடுத்துச் செய்கிறேன்.

சில வாரம் கழித்து வசந்தாவிடமிருந்து போன் வந்தது.

"கேட்டு எறக்க லாரி வந்திச்சுக்கா. நாங்க குந்தினு இருந்தோம். லாரிக்காரன் ஏந்திரிங்கன்னான். இன்னாத்துக்குன்னு கேட்டோம். இது கோயில் வாசல், கேட்டு போடணும்னான். ஆளுக்கொரு போன எடுத்து, விழா அன்னிக்கி ஏத்திகின அந்த ஆப்ப தொறந்து, மேல காட்டி, கீழ எறக்கி, அவன் மூஞ்சிக்கு நேரா வச்சோம். 'கோபுரம் எங்க கீது, காட்டு'ன்னோம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, அவனும் நம்ம பக்கத்து ஆளுதான். தண்ணி ஊத்தறத ரெண்டு தபா பாத்தான். லாரிய திருப்பினு பூட்டான்."

"மறுபடி வருவாங்க வசந்தா."

"வரட்டும். நாங்க ஏந்திரிக்க மாட்டோம்."

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். இல்லாத ஒன்றை வைக்கச் சொல்லி உங்களிடமும் ஒரு நாள் கேட்பார்கள். அப்போது டெக்னிக்கல் பிரச்சினை என்று சொல்லிவிடாதீர்கள். அதைச் சரிசெய்ய உங்களைவிடக் கெட்டிக்காரன் ஒருவனை மறுநாளே கூட்டிவருவார்கள். செய்ய மாட்டேன் என்று சொல்லுங்கள். அதைச் சரிசெய்ய ஆள் கிடையாது.