கேட்டுக்கு வெளியே வெண்ணெய்

போன வாரம் விருதுநகர் புறவழிச்சாலையில் என் காரை சர்வீஸுக்கு விட்டேன். பெரிய மேதாவி மாதிரி, "ஸ்டீயரிங் ஆயிலையும் ஒரு தடவை பாத்துருங்கம்மா" என்றேன். அங்கிருந்த பெண் பல்லைக் காட்டாமல் சிரித்தாள். "சார், உங்க வண்டில ஸ்டீயரிங்குக்கு ஆயிலே கிடையாது. எல்லாம் கரண்ட் மோட்டார்." ஏழு வருடமாக நான் ஓட்டும் வண்டி அது. அசடு வழிந்ததை மறைக்கப் பக்கத்து வண்டிப் பக்கம் நகர்ந்தேன். அங்கே ஒரு கிழட்டு வண்டியிலிருந்து சிவப்பு ஸ்டீயரிங் எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தார்கள். லேசான கருகலும் லேசான இனிப்புமாக அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், கருப்பசாமி அண்ணன் என்னைத் திட்டுவது காதில் கேட்டது.

அப்போது நான் திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் குமாஸ்தா. பெட்டி லேபிளில் ஆங்கில வாசகம் எழுதுவது என் வேலை. 'கையில் பிடித்துக் கொளுத்தாதே' என்பதை நாலு விதமாக ஆங்கிலத்தில் எழுதத் தெரியும். ஐந்தாவது விதம் கேட்டால் லீவு போட்டுவிடுவேன். ஆனால் ஊரில் அதுவே பெரிய படிப்பு. ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். அப்படித்தான் ஒரு காரும் வந்தது.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். மெட்ராஸில் யாரிடமோ, தெருவையே அடைக்கும் நீளத்தில், ஒரு பழைய அமெரிக்கக் காரை வாங்கி வந்தார். நாங்கள் பார்த்த முதல் பவர் ஸ்டீயரிங் அதுதான். "ஒத்த விரலால திருப்பலாம்லே!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் விரலை ஆட்டிக் காட்டினார். அவருக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். ரோட்டில் ஓட்டக் கூடாதென்று வீட்டில் உத்தரவு. அதனால் பயணமெல்லாம் பின் சீட்டில்தான்.

கம்பெனி கேட்டில் மட்டும் அவருக்கு ராஜயோகம். வளாகத்துக்குள் எந்த எஞ்சினும் ஓடக் கூடாது என்பது அண்ணாச்சி போட்ட சட்டம். வெடிமருந்து இருக்கும் இடம். ஒரு பொறி போதும். முதலாளி வண்டியானாலும் கேட்டிலேயே அணைத்துவிட்டு, ஷெட் வரை ஆட்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த நூறு அடிக்கு அண்ணாச்சி முன் சீட்டுக்கு மாறி, தேர் ஓட்டுகிற முகத்தோடு ஸ்டீயரிங் பிடிப்பார். முன்பிருந்த சின்னக் காரில் இது சுகமாக நடந்தது. புதுக் காரோ இரண்டு கையால் முறுக்கியும் திரும்பாமல் நேரே போய் வேப்பமரத்தில் உரசி நின்றது.

"ஒத்த விரலுன்னீக, பத்து விரலும் பத்தலையே அண்ணாச்சி!" என்றார் பின்னால் தள்ளிக்கொண்டிருந்த பேச்சியக்கா. பேக்கிங் பிரிவில் இருபது பேரை மேய்ப்பவர், யாருக்கும் பயப்படமாட்டார்.

அண்ணாச்சி டிரைவரை முறைத்தார். டிரைவர்தான் கருப்பசாமி அண்ணன். என்னைவிட நாலு வயது மூத்தவர்.

"ரோட்டுல வெண்ணெயா திரும்புது அண்ணாச்சி. சத்தியமா!"

"கேட்டுக்கு வெளிய வெண்ணெய், உள்ள வந்தா இரும்பா? எங்கயோ கொண்டு மோதிட்டு எங்கிட்டக் கதை விடுதியோ? வெள்ளிக்கிழமை எம் மக கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம். அதுக்குள்ள சரியாகலன்னா வேற டிரைவர் பாத்துக்கிடுதேன். நீ பழைய வேலைக்கே போயிரு."

பழைய வேலை என்றால் மருந்து கலக்கும் அறை. அங்கே அவரோடு வேலை பார்த்த இருவர் இப்போது இல்லை. 'டிரைவர் வேலை கிடைத்த அன்றுதான் என் பெண்டாட்டி ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்' என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அன்று வேப்பமரம் கீறிய இடத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அண்ணாச்சி என் கையில் திணித்தார். பவர் ஸ்டீயரிங் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அதில் இரண்டு பக்கம் இருந்தது. அதைத் தமிழில் எழுதிக்கொண்டு மருத்துவர் தோரணையில் இறங்கினேன். எண்ணெய் அளவு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னும் ஊற்றினேன். அது பொங்கி என் வேட்டியை நனைத்தது. அந்தச் சிவப்போடு பஸ்ஸில் ஏறினால், "எந்தக் கம்பெனில தம்பி?" என்று கேட்டு எனக்கு மூன்று பேர் இடம் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் சிவப்புக் கறைக்கு வெடி விபத்தைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. எண்ணெய் என்று சொல்ல வாய் வரவில்லை, உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் பெல்ட்டை இறுக்கினேன். அடுத்த நாள் டயருக்குக் காற்று. ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் உள்ளே தள்ளிப் பார்ப்போம். இரும்பு இரும்பாகவே இருந்தது.

"ஏலே, நீ வைத்தியம் பாக்கப் பாக்க எனக்குத்தான் காய்ச்சல் கூடுது" என்றார் கருப்பசாமி அண்ணன்.

வியாழக்கிழமை மத்தியானம் புது பெல்ட் வாங்க இருவரும் சாத்தூருக்குக் கிளம்பினோம். சாத்தூர் ரோட்டில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு வெள்ளரிப் பிஞ்சு வாங்கப் போனார். சும்மா இருக்க முடியாத நான் அவர் இடத்துக்கு நகர்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். அசையவில்லை.

"அண்ணே! ரோட்டுலயும் போச்சுண்ணே!"

ஓடி வந்தார். திருப்பிப் பார்த்தார். கையில் இருந்த பிஞ்சை அப்படியே சீட்டில் போட்டுவிட்டார். ரயில் போனது, கேட் திறந்தது, பின்னால் லோடு லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். வேறு வழியில்லாமல் சாவியைத் திருகினார். எஞ்சின் உறுமியது. ஸ்டீயரிங் வெண்ணெயாகத் திரும்பியது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லாரிக்காரன் எங்கள் பரம்பரையை விசாரித்தான்.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். சோதனையின் முதல் வரி: 'எஞ்சினை ஓடவிட்டு...' நான் அதைப் படிக்காமல் விடவில்லை. படித்து, நம் கம்பெனிச் சட்டத்துக்கு ஒத்துவராது என்று என் நோட்டில் எழுதாமல் பெருந்தன்மையாக விட்டிருந்தேன்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி, அண்ணாச்சியை முன் சீட்டில் உட்காரச் சொன்னோம். விரலை வைத்தார். திரும்பியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடியும் இந்தப் பக்கம்.

"என்னலே செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. எஞ்சினை அணைக்கல. அது ஓடுனாத்தான் இந்த பவரு. கருப்பசாமி அண்ணன் சொன்னது அம்புட்டும் நெசம். தப்பு எம்மேலதான்."

அண்ணாச்சி தன் விரலைப் பார்த்தார். பிறகு கருப்பசாமி அண்ணனிடம், "நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வா. மாப்பிள்ளையக் கூட்டிட்டு வரணும்" என்றார். மன்னிப்பை அவர் அந்த பாஷையில்தான் கேட்பார்.

பேச்சியக்கா சும்மா விடுவாரா? "ஏ தம்பி, அப்ப எங்க இடுப்பு போனதுக்கு உன் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

அதன்பிறகு அந்தக் கார் கேட்டுக்கு வெளியேதான் நின்றது. பிறகு கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். கருப்பசாமி அண்ணன் கடைசி வரை மருந்து அறைப் பக்கம் போகவில்லை. ஸ்டீயரிங் பிடித்தே ஓய்வு பெற்று, இப்போது பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். சாத்தூர் ரோட்டில் கேட் இருந்த இடத்தில் மேம்பாலம் வந்துவிட்டது. ஏறி இறங்க அரை நிமிடம். பாலத்தின் மேல் யாரும் எஞ்சினை அணைப்பதில்லை.