அக்காவின் கிளிஞ்சல்களும் என் பொறாமையும்

அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்கு அவர் சிநேகிதி எஸ்தர் மேடம் எழுதட்டும் என்றுதான் அக்காவின் மகள் சொன்னாள். நான் விடவில்லை. கூடப் பிறந்தவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வேறு யார் எழுதுவது? பொறாமைதான். ஐம்பத்தெட்டு வயதாகிறது, இன்னும் போகவில்லை.

அக்கா பிறந்தது நகரிக்குப் பக்கத்தில் ஒரு கழனிக்காரர் வீட்டில். நாங்கள் இரண்டு பெண்கள் மட்டுமே. அப்பா, எங்கள் நைனா, படுத்த படுக்கையானபோது அக்கா எட்டாம் வகுப்போடு நின்று கழனி வேலையைத் தலையில் போட்டுக்கொண்டார். பாப்பா படிக்கட்டும் என்று நைனாவிடம் அடித்துச் சொன்னவரும் அவரே. பாப்பா நான்தான். டிகிரி முடித்து சோஷியல் டீச்சரானேன். அக்காவுக்கு நான் செய்த கைம்மாறு ஒன்றே ஒன்று: அவர் எதைக் கேட்டாலும் பதில் சொல்வது. "எங்க பாப்பாவுக்குத் தெரியாதது இல்ல" என்று அவர் அடுத்தவரிடம் சொல்லும்போது எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

அக்காவைப் பலமனேரில் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்குக் கோழித்தீவனக் கடை. முட்டைக்கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை ஓடில்லாமல் தோல்முட்டையாக விழும். அதற்காகப் பழவேற்காட்டுப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாகக் கிளிஞ்சல் வரும். அதை உடைத்துத் தீவனத்தில் கலப்பார்கள். மாமா சின்ன வயதிலேயே போய்விட, லாரிக்காரர்களிடம் மல்லுக்கட்டி, மகளை வளர்த்து, அந்தக் கடையை அக்கா ஒற்றை ஆளாக நடத்தினார். எவரிடமும் கடுஞ்சொல் பேசியதில்லை. கிளிஞ்சலை உடைக்கும் முன் நல்லதாகப் பொறுக்கி ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டுவைப்பார். அப்போது அவர் கடலைப் பார்த்ததே இல்லை.

"உள்ள இருந்த ஜீவன் எங்க போச்சு பாப்பா?" என்று ஒருநாள் கேட்டார். பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி, உடம்பு பெருத்ததும் ஓட்டை விட்டுவிட்டு வேறு ஓடு கட்டிக்கொள்ளும் என்று கண்ணிமைக்காமல் சொன்னேன். எனக்கென்ன தெரியும்? சொல்லத்தானே வேண்டும். அக்கா அதையே பல வருடம் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படிச் சொன்னது ஒருநாள் எஸ்தர் மேடத்திடம். திருப்பதியில் ஒரு காலேஜில் விலங்கியல் நடத்தியவர். அவருடைய தம்பிக்குப் பலமனேர் பக்கம் கோழிப்பண்ணை. தீவனம் வாங்க வந்தவர் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாராம். அந்த ஜீவன் சாகும்வரை ஒரே ஓடுதான், உடம்பு வளர வளர ஓரத்தில் சேர்த்துக் கட்டிக்கினே போகும் என்று விளக்கி, ஓட்டின்மேல் இருந்த வரிகளைக் காட்டியிருக்கிறார். சில கிளிஞ்சலில் குண்டூசித் தலையளவு வட்டத் துளை இருக்கும். வேறொரு நத்தை குடைந்து உள்ளே இருப்பதைத் தின்ற தடம் அது என்றாராம். அன்றைக்கே அக்கா எனக்குப் போன் செய்தார். "பாப்பா, நீ சொன்னது தப்பாம்!" என்று ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் கள்ளம் துளியும் இல்லை. எனக்குத்தான் பற்றி எரிந்தது.

பிறகு லீவு விட்டால் மேடம் பலமனேரில்தான். லீவுக்கு நான் கூட்டிக்கினு போகிறேன் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்த கடலை அவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அக்காவுக்குக் காட்டிவிட்டார். நாம் துன்னும் முட்டைக்குக்கூட கடல்தான் ஓடு கொடுக்கிறது என்று அக்கா ஒரு மாதம் அதே பேச்சாக இருந்தார். மேடமும் அவரை 'அக்கா' என்றே கூப்பிட ஆரம்பித்தார். அந்தச் சொல்லை எனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததாக நினைத்திருந்தேன். துளை விழுந்த கிளிஞ்சலைக் கோத்து அக்கா எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சரம் கொடுத்தார். மேடம் அந்தப் பக்கம் போனதும் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். அவருடையது என்னுடையதைவிட நான்கு விரற்கடை நீளம். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சிறுநீரகம் பழுதாகி அக்காவைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நான் குடியிருக்கும் ரேணிகுண்டாவிலிருந்து தினமும் போய்க் கூட இருந்தவள் நான். கடைசி மூன்று நாள் வீட்டுக்கே வரவில்லை. மேடத்தின் வீடு அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். ஒரு மத்தியானம் அக்கா கண் திறந்து, "எஸ்தருக்கு ஒரு போன் போடு பாப்பா. வந்து போகச் சொல்லு" என்றார். நான் வராந்தாவுக்குப் போய், செல்லைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இந்தக் கடைசி நாளாவது அக்கா எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று தோன்றியது. திரும்பிப் போய், "ரிங் போய்க்கினே இருக்குதுக்கா, எடுக்கல" என்றேன். மறுநாள் காலை அக்கா போய்விட்டார்.

சேதி கேட்டு மேடம் பலமனேருக்கு ஓடி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் அக்கா தன்னைக் கேட்டாரா என்றார். அக்காவுக்கு நினைவே இல்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்தார்.

அக்காவுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், மூன்று நாள் கடையடைத்து உடன் நின்ற பலமனேர் கடைத்தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது. எஸ்தர் மேடத்துக்கு நன்றியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், மேடம். அக்கா உங்களைக் கேட்டார். நான் போன் போடவே இல்லை. சாயங்காலம் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பொய்யைச் சொன்னேன். "எடுக்காம இருக்கமாட்டாளே. அவளுக்கு உடம்புக்கு என்னவோ, நீ போய்ப் பாத்துட்டு வா பாப்பா" என்றார். நான் போகவில்லை.